வெள்ளை நாள்

காலையில் மேஜரின் தொப்பிக்குத் துணி கட்டுவது அவர் மனைவி பெர்மீலியாவின் வேலை. அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டதல்ல. அவர் விரல்கள் தடித்தவை, முடிச்சு அவருக்கு வராது, அவ்வளவுதான். அந்த ஜூலை மாதம் முழுக்க, காப்பி என்று பெயர் வைத்துக் குடித்த வறுத்த சோளத் தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிட்டு, நாற்காலி முதுகில் தொங்கும் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். ஒற்றைப்படைத் தேதி என்றால் வெள்ளை. இரட்டைப்படை என்றால் சிவப்பு. வெள்ளை அவளுடைய பழைய உள்பாவாடையில் கிழித்தது. சிவப்பு மகள் லவீனியாவின் சின்ன வயதுக் கவுனில் கிழித்தது.

இப்படி ஓர் உத்தரவு வந்ததற்குக் காரணம் நீலக்கோட்டுகள். மிசௌரியின் அந்தப் பக்கத்தில் தெற்குக் கட்சிக்காகப் புதர்களில் பதுங்கித் திரிந்தவர்களைப் புதர்க்காரர்கள் என்றுதான் சொல்வார்கள். செத்த வடக்குச் சிப்பாய்களின் நீலக்கோட்டை உரித்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். வேலியோரம் நின்று, "தண்ணி கிடைக்குமாம்மா?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். வீட்டு ஆண்பிள்ளை வாளியோடு வெளியே வந்ததும் சுடுவார்கள். கோட்டை நம்ப முடியாது என்றான பிறகுதான் மேலிடத்திலிருந்து துணி கட்டும் உத்தரவு வந்தது. அன்றன்றைக்கு உரிய நிறம் தொப்பியில் இல்லாமல் காவலை நெருங்குகிறவனைக் கேள்வி கேட்காமல் சுட்டுவிட வேண்டும்.

அந்த உத்தரவைக் கோர்ட்டுப் படியில் நின்று படித்தவர் மேஜர் அலன்சன் டீக். படித்ததோடு விட்டிருக்கலாம். அவரால் முடியாது. கென்டக்கியிலிருந்து பள்ளிக்கூட வாத்தியாராக வந்து, சட்டம் படித்து, இரண்டு தடவை சட்டசபைக்குப் போனவர். அடிமைகளை வைத்திருப்பது சரியா தப்பா என்று எந்தப் பக்கமும் சாயாமல் அங்கே பொழுது சாயும்வரை பேசினார் என்று பெயர். வடக்குக்கும் தெற்குக்கும் சண்டை வந்தபோது வடக்குப் பக்கத்து உள்ளூர்ப் படைக்காரர்கள் கை தூக்கி அவரைக் கேப்டனாக்கினார்கள். பிறகு மேஜரானார். சுட்டுப் பழகியவர் என்பதால் அல்ல, பேசிப் பழகியவர் என்பதால். அன்றும் பேசினார். "சட்டத்துக்கு முகம் பாக்கத் தெரியாது. நானே தப்பான துணியோட வந்தாலும் சுடுங்க!" என்றார். கூட்டம் தொப்பிகளை எறிந்து ஆரவாரம் செய்தது. பெர்மீலியா மட்டும் கை தட்டவில்லை.

இரண்டு வாரம் போவதற்குள் சைலஸ் ஹான்லியைச் சுட்டார்கள். அவன் புதர்க்காரன் இல்லை. பக்கத்து மேட்டுக்காரன், பிடில் வாசிப்பவன். வெள்ளை நாளில் சிவப்போடு ஆற்றுத்துறையில் இறங்கிவிட்டான். உடலைக் கொண்டுவந்து போட்டபோது அவன் மனைவி டார்கஸிடம் மேஜர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பேசினார். உத்தரவு எல்லோருக்கும் ஒன்றுதான், காவல்காரனுக்கு அவனை அடையாளம் தெரிந்திருக்க வழியில்லை என்றார். டார்கஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று தினமும் பார்ப்பதைத் தவிர பெர்மீலியா அந்தப் பக்கம் போகவில்லை.

ஆகஸ்ட் பிறந்த அன்று பெர்மீலியா தூங்கி எழவில்லை. முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் தெற்கு மேட்டுக்கு அப்பால் புகை கிளம்பியது. யாருடைய வீடு என்று தெரியவில்லை. வாசலில் குரைக்க நாயும் இல்லை. அதைப் போன மாதமே சுட்டுப் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் காதைக் கொடுத்தபடி கிடந்துவிட்டு, விடிந்ததும் எழுந்து அடுப்பை மூட்டினாள். தொப்பியை எடுத்தாள். அதில் நேற்றைய வெள்ளை இருந்தது. கை தானாக அதை அவிழ்த்துவிட்டுச் சிவப்பைக் கட்டியது.

மேஜர் சோளரொட்டியை மோரில் தோய்த்துத் தின்றுகொண்டே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மவுண்ட் ஹெப்ரான் ஊரில் அன்று கட்சிக்கூட்டம். மாநில மேல்சபைக்கு யாரை நிறுத்துவது என்று முடிவு செய்யப் போகிறார்கள்.

"இன்னொரு துண்டு வைக்கட்டுமா?"

"வேண்டாம். வயிறு ரொம்பினா குரல் எழும்பாது."

"எழும்பாட்டா நல்லதுதான். ஊர்க்காரங்க பொழுதோட வீட்டுக்குப் போவாங்க."

அவர் சிரித்தார். "நாளைக்கு மேல்சபைக்காரர் பெண்டாட்டின்னு நாலு பேர் சொன்னா, இப்படி முறைக்காம சிரிக்கணும், பெர்மீ."

"முதல்ல உசுரோட வாங்க. அப்புறம் சிரிக்கிறேன்."

"துறையில நம்ம பயங்கதானே நிக்கிறாங்க. என்ன பயம்?"

தொப்பியை வாங்கித் தலையில் வைத்தார். பார்க்கவில்லை. அவர் மனம் அதற்குள் மேடையேறிவிட்டது. வீட்டிலிருந்த கடைசிக் குதிரையில் ஏறி, காட்டுத் திராட்சைப் பந்தலைத் தாண்டி, மலையைச் சுற்றிப் போகும் பெரிய பாதையில் திரும்பினார். சிவப்புத் துணி வெயிலில் கொஞ்ச தூரம் தெரிந்தது.

தாயும் மகளும் ஆப்பிள் நறுக்க உட்கார்ந்தார்கள். உதிர்ந்த ஆப்பிள், புழு பாதி சதை பாதி. புழுவைச் சுரண்டி எறிந்துவிட்டு, வில்லையாக நறுக்கி, கொட்டகைக் கூரையில் துணி விரித்துக் காயப் போட வேண்டும். பனிக்காலத்துக்கு இருக்கிற ஒரே இனிப்பு அதுதான். குளவிகள் விரலைச் சுற்றின. மழை பெய்து பல நாளாகியிருந்தது. சோளத்தாள்கள் காற்றில்லாமலே உரசிக்கொள்வதுபோல ஒரு சத்தம். லவீனியாவுக்குப் பன்னிரண்டு வயது, வாய் ஓயாது. அன்றைக்கு அவளும் பேசவில்லை.

குதிரைக் குளம்புச் சத்தம் ஒழுங்கில்லாமல் கேட்டது. பெர்மீலியா நிமிர்ந்தாள். கிழக்கிலிருந்து ஓர் ஆள் குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான். நீலக்கோட்டு. முகம் முழுக்கப் புழுதி படிந்த தாடி. தொப்பியில் வெள்ளைத் துணி.

கத்தியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"லவீனியா. திரும்பிப் பாக்காத. ஆப்பிள் எடுக்கப் போற மாதிரி எழுந்து சோளத்துக்குள்ள போ."

"அம்மா..."

"போடி."

சிறுமி கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சோளத்தாள்கள் அவளை மூடிக்கொள்ளும்வரை பெர்மீலியா இடத்தைவிட்டு நகரவில்லை. கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த வேட்டைத் துப்பாக்கியை எடுத்தாள். அதில் மருந்து இருந்தது, குண்டு இல்லை. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த ஆள் வேலியோரம் நின்றான்.

"தண்ணி கிடைக்குமாம்மா?"

அதே வார்த்தை. அவள் துப்பாக்கிக் குழாயை அவனுக்கு நேராகத் தூக்கினாள்.

"கையைத் தூக்கு. ரெண்டு கையையும்."

"ரெண்டையும் தூக்கினா குதிரை போயிரும்மா. அதுக்குக் காலுதான் நொண்டி, புத்தி ஓடுறதுலதான் இருக்கு."

"சுட்டுருவேன்."

"ஐயோ, மேஜரம்மா! நான் ஹென்கே. பீப்பாய் செய்யிற ஹென்கே. உங்க உப்புக்கறிப் பீப்பாய்க்கு நான்தானே வளையம் போட்டேன். அது ஒழுகுதுன்னு நீங்க திட்டலையா?"

அவள் குழாயைத் தாழ்த்தவில்லை. தாடிக்குள் ஹென்கேயின் முகம் இருந்தாலும் இருக்கும். ஆனால் கண்ணை நம்பித்தானே இத்தனை பேர் செத்தார்கள்.

"ஹென்கேன்னா தொப்பில ஏன் வெள்ளை? இன்னிக்குச் சிவப்பு."

"சிவப்பா?" ஹென்கே தொப்பியைக் கழற்றிப் பார்த்தான், அது நிறம் மாறிவிட்டதோ என்று பார்ப்பவன்போல. "நேத்து என்ன தேதிம்மா?"

"முப்பத்தொண்ணு."

"இன்னிக்கு?"

அவள் வாயைத் திறந்தாள். முப்பத்தொன்று ஒற்றை. இன்றைக்கு ஒன்று. அதுவும் ஒற்றை. மாதம் மாறும் இடத்தில் இரண்டு வெள்ளை நாள் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உத்தரவு வந்தபிறகு மாதம் முடிவது இதுதான் முதல் தடவை. அடுப்புக்கு மேலே ஆணியில் பஞ்சாங்கம் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. காலையில் அவள்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எங்க கேம்ப்லயும் பாதிப் பேர் சிவப்போட நின்னாங்க," என்று ஹென்கே சிரித்தான். "சார்ஜென்ட் கெட்ட வார்த்தையில தேதி சொல்லிக் குடுத்தார்." பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. "மேஜர் எங்கம்மா?"

"துறைக்குப் போயிட்டாரு."

"எந்தத் துணியோட?"

அவள் துப்பாக்கியைத் தாழ்த்தினாள். சொல்லத் தேவை இருக்கவில்லை.

"எவ்வளவு நேரமாச்சு?"

"பெரிய பாதையில போனாரு. வேலிக்கு வேலி நின்னு கை குலுக்காம போகமாட்டாரு. கொல்லன் பட்டறையில கண்டிப்பா நிப்பாரு. நீங்க போங்க ஹென்கே, ஓடிப்போய்ச் சொல்லுங்க."

அவன் தன் காலைக் காட்டினான். பூட்ஸின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டிருந்தான். உள்ளே கணுக்கால் பூசணிபோல வீங்கியிருந்தது. "குதிரை விழுந்தப்ப நானும் விழுந்தேன்மா. கொல்லைக் கதவு வரைக்கும் போறதே பெருசு." கொஞ்சம் தயங்கினான். "ஹான்லி மேட்டு வழியா எறங்கினா குறுக்கு. அந்தம்மா ஒரு பெண்குதிரைய ஒளிச்சு வச்சிருக்கிறதா சொல்லிக்கிறாங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"லவீனியாவைப் பாத்துக்கோங்க," என்றாள் பெர்மீலியா. துப்பாக்கியை அவன் கையில் திணித்தாள். "இதுல குண்டு இல்ல."

"தெய்வமே," என்றான் ஹென்கே.

அவள் ஓடினாள். பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்பது வயதுக்காரி, சிறுபிள்ளைபோல மேட்டில் ஓடினாள். முள் கிழித்தது தெரியவில்லை. காவல்காரன் தூரத்திலிருந்து பார்க்கிறான், சிவப்பைப் பார்க்கிறான், தோளில் துப்பாக்கிக் கட்டையை வைக்கிறான். இதையேதான் மறுபடி மறுபடி கண்டாள். துணியைக் கட்டிய கை தன் கை. அந்த முடிச்சைப் போட்டபோது மனம் எங்கே இருந்தது? தெற்குப் புகையில் இருந்தது. புதர்க்காரர்களுக்குப் பயந்து பயந்து, அவரைக் கொல்லத் தானே அடையாளம் கட்டி அனுப்பிவிட்டாள்.

டார்கஸ் ஹான்லி முற்றத்தில் சோப்பு காய்ச்சிக்கொண்டிருந்தாள். பெரிய இரும்புக் கொப்பரையில் சாம்பல் காரமும் கொழுப்பும் கொதித்து நாறின. நீளத் துடுப்பால் ஒரே பக்கமாகக் கிண்டினாள். நிறுத்தினால் திரிந்துவிடும். பெர்மீலியா வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். டார்கஸ் பார்த்தாள், கிண்டுவதை நிறுத்தவில்லை.

"யாரு துரத்துறா?"

"டார்கஸ்... உன் குதிரையைக் குடு."

"எனக்குக் குதிரை இல்ல. இருந்ததெல்லாம் உங்க ஆளுங்களும் அவங்க ஆளுங்களும் பங்கு போட்டுக்கிட்டாங்க."

"இருக்குன்னு எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அவர் துறைக்குப் போயிட்டாரு. நான் தேதியத் தப்பா எண்ணிட்டேன். சிவப்பக் கட்டிட்டேன்."

துடுப்பு ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. கொப்பரையில் குமிழி எழும்பி உடையும் சத்தம் மட்டும்தான். டார்கஸின் முகத்தில் கோபம் இருந்தால் பெர்மீலியாவுக்கு எளிதாக இருந்திருக்கும். அதில் ஒன்றுமே இல்லை. கணக்கு வராத ஒரு தையலைப் பார்ப்பவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துறையில யாரு காவல்?"

"லைஜ் காட்டர்."

"லைஜ்." டார்கஸ் அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "அன்னிக்கும் அவன்தான்."

"உன் காலில விழுறேன், டார்கஸ்."

"விழாத. தரையெல்லாம் காரம் சிந்திக் கெடக்கு, முழங்கால் வெந்துரும்." துடுப்பைக் கொப்பரை விளிம்பில் சாய்த்தாள். குனிந்து, எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக அடியிலிருந்து இழுத்துப்போட்டாள். ஒரு பருவத்துச் சோப்பு அதோடு வீண். "குதிரையை உன்கிட்ட விடமாட்டேன். நானும் வர்றேன்."

"நீ எதுக்கு..."

"அந்த எடத்தை நான் பாத்ததில்ல. அன்னிக்கு என்னை எறங்க விடல. ரத்தத்தைக் கழுவின பிறகுதான் கொண்டாந்து போட்டாங்க."

காட்டுப் பிளம் புதருக்குள் பெண்குதிரை நின்றிருந்தது. கனைக்காமல் இருக்க மூக்கில் சாக்கு கட்டியிருந்தாள். சேணம் இல்லை. டார்கஸ் ஏறிக்கொண்டு கையை நீட்டினாள். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள் பெர்மீலியா. அந்த உடம்பு சோப்பும் புகையும் நாறியது. விறைப்பாக இருந்தது.

சரிவில் பாதை என்று ஒன்றும் கிடையாது. குதிரை பின்னங்கால்களை மடித்துச் சறுக்கிச் சறுக்கி இறங்கியது. கற்கள் உருண்டன.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள் டார்கஸ், திரும்பாமலே.

"கேளு."

"லைஜும் சைலஸும் பன்றிக்காக அடிச்சுக்கிட்டாங்களே, உனக்குத் தெரியுமா?"

பெர்மீலியாவுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். காட்டில் மேயவிட்ட பன்றிகளுக்கு வீட்டுக்கு வீடு காதில் வேறு வேறு வெட்டு. தன் பன்றியின் காது வெட்டை லைஜ் மாற்றி வெட்டித் தன்னுடையது ஆக்கிக்கொண்டான் என்று ஆலை வாசலில் பலபேர் முன்னால் சைலஸ் சொன்னான். அந்த ஊரில் ஒருவனைப் பன்றித் திருடன் என்று சொல்வதற்கு மேல் ஒன்றுமில்லை.

"தெரியும்."

"மேஜருக்கு?"

"அவர்தானே ரெண்டு பேரையும் உக்கார வச்சுச் சமாதானம் பேசினாரு."

"அப்ப, சைலஸைச் சுட்ட பிறகு, உனக்கு ஆள் தெரிஞ்சுதாடான்னு உன் வீட்டுக்காரர் லைஜைக் கேட்டாரா?"

பெர்மீலியா பிடியை இறுக்கிக்கொண்டாள். சைலஸ் செத்த அன்று இரவுச் சாப்பாட்டில் அதே கேள்வியை அவளே அவரிடம் கேட்டிருந்தாள். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். காட்டர் வீட்டார் படையில் பாதிப்பேர், என்றார். கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் ஏதாவது செய்யவேண்டி வரும், என்றார். பிறகு அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. அந்தப் பேசாமை இன்னும் அந்த மேசைமேல்தான் கிடக்கிறது.

"சரி," என்றாள் டார்கஸ். பேசாமலிருந்ததையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

அப்போது கீழேயிருந்து வெடிச்சத்தம் கேட்டது. ஒன்றே ஒன்று. ஆற்றுப் பள்ளத்தில் அது உருண்டு உருண்டு மறுகரையில் மோதித் திரும்பி வந்தது. மரங்களிலிருந்து காக்கைகள் எழும்பின.

பெர்மீலியாவிடமிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. குதிரையிலிருந்து நழுவப் போனவளின் மணிக்கட்டை டார்கஸ் ஒரு கையால் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள்.

"புடிச்சுக்கோ. விடாத."

"செத்துட்டாரு..."

"தெரியாது. நான் அன்னிக்கு மேட்டுமேல நின்னு இந்தச் சத்தத்தைக் கேட்டேன். பீன்ஸ் பறிச்சிட்டிருந்தேன். அணில் சுடுறாங்கன்னு நெனச்சு மறுபடி பறிச்சேன்." குதிகாலால் குதிரையை உதைத்தாள். "புடிச்சுக்கோ."

மிச்ச வழி முழுக்கப் பெர்மீலியா ஒரே ஒரு வேண்டுதலைத்தான் சொன்னாள். அவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கட்டும். ஆண்டவரே, துணியைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கட்டும். அவரை அவர்களுக்கு அடையாளம் தெரியட்டும்.

மரங்கள் விலகின. ஆறு தெரிந்தது. கோடையில் மெலிந்து, கூழாங்கற்களின் மேல் முழங்காலளவு தண்ணீர். இக்கரையில் சீக்கமோர் மர நிழலில் மேஜர் அலன்சன் டீக் குதிரைமேல் உட்கார்ந்து, தகரக் குவளையில் எதையோ குடித்துக்கொண்டிருந்தார். தொப்பியில் சிவப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. பக்கத்தில் லைஜ் காட்டர், நெட்டையான ஆள், துப்பாக்கி முனையில் அப்போதுதான் சுட்ட ஒரு தண்ணிப்பாம்பைத் தொங்கவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பெர்மீலியா குதிரையிலிருந்து இறங்கினாள் என்பதைவிட விழுந்தாள் என்று சொல்லலாம். கூழாங்கற்களின் மேல் தவழ்ந்து போய் அவர் பூட்ஸைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"பெர்மீ! என்ன ஆச்சு? வீட்டுக்கு வந்துட்டானுங்களா? லவீனியா எங்க?"

"துணி... துணி... இன்னிக்கு வெள்ளை."

லைஜ் ஆற்றங்கரை அதிரச் சிரித்தான். "அதுக்கா இப்படி ஓடியாந்தீங்க மேஜரம்மா? நான் வந்ததுமே சொல்லிட்டேன், என்ன மேஜரய்யா, மாப்பிள்ள மாதிரி சிவப்பு கட்டிட்டு வர்றீங்கன்னு. எங்களுக்கு அவரைத் தெரியாதா? அந்தத் தொப்பையும் அந்தக் குதிரை நடையும் போதாதா? துணி என்னத்துக்கு?"

மேஜரும் சிரித்தார். கொஞ்சம் அசட்டுத்தனம் கலந்த சிரிப்பு. "என் பெண்டாட்டிக்கு என்னைக் கொல்லணும்னா வேற நல்ல வழியெல்லாம் இருக்கு லைஜ். அவ காப்பியே போதும்."

டார்கஸ் குதிரைமேலேயே இருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வரும்போது அடையாளம் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

லைஜ் அப்போதுதான் அவளைக் கவனித்தவன்போலத் தொப்பியைத் தொட்டான். "வணக்கம் ஹான்லியம்மா. எங்கன்னா?"

"மேஜரை. எங்க வரும்போது இவர்தான்னு தெரிஞ்சுது?"

"அந்த வளைவுல திரும்பினதுமே தெரிஞ்சுதே," என்று லைஜ் கையை நீட்டிக் காட்டினான். பெரிய பாதை பாறையைச் சுற்றித் திரும்பும் இடம் தூரத்தில் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

"சைலஸ் எங்க நின்னாரு?"

பாம்பு துப்பாக்கி முனையிலிருந்து வழுக்கித் தண்ணீரில் விழுந்தது.

"தண்ணிக்கு நடுவுலன்னு சொன்னாங்க," என்றாள் டார்கஸ். "நடு இதுதானே? வளைவைவிட இது கிட்டத்துலதான் இருக்கு. இங்கருந்து பாத்தா ஒரு ஆளோட மீசை தெரியும். உன் கல்யாணத்துக்கு விடிய விடிய பிடில் வாசிச்சாரு லைஜ். உன் பெண்டாட்டி ஆடி ஆடிச் செருப்பைக் கிழிச்சுக்கிட்டா."

"கண்ணுல வெயில் அடிச்சுதும்மா. அதோட, உத்தரவு அப்படி. மேஜரய்யா சொல்லியிருக்காரே." லைஜ் மேஜரைப் பார்த்தான்.

மேஜர் தொண்டையைச் செருமினார். மேடைக் குரலுக்கு முன்னால் வரும் செருமல் அது. பெர்மீலியாவுக்கு நன்றாகத் தெரியும். "டார்கஸ் அம்மா," என்று தொடங்கினார். "இந்தக் கொடுமையான காலத்துல, உத்தரவுங்கிறது..."

நிறுத்திவிட்டார். அவர் கை தன்னையறியாமல் தொப்பிக்குப் போய், சிவப்பில் பட்டு, சுட்டதுபோலத் திரும்பியது.

பெர்மீலியா அவர் பூட்ஸை இன்னும் விடவில்லை. மேட்டிலிருந்து கீழேவரை தான் கேட்ட ஒரே வேண்டுதல் பலித்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. அவர்களுக்கு முகம் தெரிந்திருக்கிறது. எல்லா முகமும் தெரிந்திருக்கிறது. அவர் உயிரோடு இருப்பதே அதற்குச் சாட்சி. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. இருபது வருஷம் பக்கத்தில் கிடந்த முகம். அதில் ஆச்சரியம் இருக்குமா என்று பார்க்கத்தான் பயம். நிமிர்ந்தாள். ஆச்சரியம் இல்லை.

"லைஜைக் கேளுங்க," என்றாள்.

"பெர்மீ, ஊர்ல காத்திருப்பாங்க. இதைத் திரும்பி வந்து நிதானமா..."

"இப்பக் கேளுங்க. அந்தம்மா இருக்கும்போதே கேளுங்க."

மேஜர் மவுண்ட் ஹெப்ரான் இருக்கும் திசையைப் பார்த்தார். அங்கே வாத்தியம் முழங்கக் காத்திருப்பார்கள். எதிர்க்கரைச் சரிவைப் பார்த்தார். குவளையைப் பார்த்தார். அவர் வாழ்நாளில் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து பெர்மீலியா கண்டதில்லை. கடைசியில் பேசியபோது அது மேடைக் குரலாக இல்லை. காலையில் இன்னொரு துண்டு வேண்டாம் என்று சொன்ன குரல்தான்.

"லைஜ். அன்னிக்கு உனக்கு சைலஸைத் தெரிஞ்சுதா?"

லைஜ் சிரிக்கப் பார்த்தான். உதடு ஒரு பக்கம்தான் போயிற்று. "தெரிஞ்சுதுன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க மேஜரய்யா? எங்க சித்தப்பன், அண்ணன் தம்பி எல்லாரும் உங்களுக்குக் கை தூக்கத்தான் காலையிலேயே ஊருக்குப் போயிருக்காங்க. போங்க. நேரமாச்சு." இடக்கையிலிருந்த துப்பாக்கியை வலக்கைக்கு மாற்றிக்கொண்டான். மெதுவாகத்தான் மாற்றினான், வெயிலுக்கு நிழல் மாறுவதுபோல.

மேஜர் குவளையிலிருந்ததைக் கீழே ஊற்றினார். பிறகு குதிரையிலிருந்து இறங்கினார். கனத்த உடம்பு, ஒரு காலைத் தூக்கி இந்தப் பக்கம் கொண்டுவர நேரம் பிடித்தது. தரையில் நின்றபோது லைஜைவிட ஒரு சாண் குட்டையாக இருந்தார். அவர் இடுப்பில் கைத்துப்பாக்கி இருந்தது. அவர் கை அதன் பக்கம் போகவில்லை. முன்னால் நீண்டது, வேலிக்கு வேலி குலுக்க நீளுமே அந்தக் கைதான். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது.

"துப்பாக்கியைக் குடு, லைஜ்."

லைஜ் கொடுக்கவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டார்கஸின் பெண்குதிரை காதுகளை முன்னால் விறைத்தபடி நின்றது. அவள் அதன் கழுத்தைத் தடவக்கூட இல்லை.

மேஜருடைய குதிரையின் கடிவாளம் பெர்மீலியாவின் கைக்கு எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. காலையில் வேலியோரம் வெள்ளைத் துணியைக் கண்டபோது வந்த பயமும், சரிவில் வெடிச்சத்தம் கேட்டபோது வந்த பயமும் இப்போதைய பயத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை. அவர் முதுகு சட்டையோடு ஒட்டி நனைந்திருந்தது. அவர் கால் ஒன்று பின்னால் நகர்வதுபோலத் தெரிந்தது. அவள் கடிவாளத்தைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டாள். லைஜ் சுட்டுவிடுவானோ என்றுகூட அவள் பயப்படவில்லை. அவர் திரும்பி வந்து மறுபடி குதிரையில் ஏறிவிடுவாரோ என்றுதான் பயந்தாள்.